புதிதாக வந்த கினிபிக் தும்மத் தொடங்கினால்

கொழும்பிலோ கண்டியிலோ வாங்கிய கினிபிக் குட்டி, துளைபோட்ட கடதாசிப் பெட்டிக்குள் பல மணித்தியாலம் பஸ்ஸில் குலுங்கி, ஹபரணை, கந்தளாய் தாண்டித் திருகோணமலைக்கு வந்து சேர்கிறது. முதல் இரண்டு மூன்று நாள் மூலைக்குள் ஒளிந்தே கிடக்கும். அது இயல்பு. ஆனால் வந்து ஒரு வாரத்துக்குள் தும்மல், மூக்கோரம் ஈரம், புல்லை மணந்து பார்த்துவிட்டு விலகிப் போவது என்று தொடங்கினால், "தடிமன்தானே, மாறிவிடும்" என்று விட்டுவிடக் கூடாது. கினிபிக்குக்கு நம்மைப்போல் வந்து போகும் தடிமன் கிடையாது. பெரும்பாலும் அது நுரையீரலுக்கு இறங்கக்கூடிய பக்டீரியாத் தொற்று. கவனிக்காமல் விட்டால் சில நாட்களிலேயே உயிரை எடுத்துவிடும்.

வழக்கமாகக் காரணமாவது போர்டெடெல்லா பிராங்கிசெப்டிகா என்ற பக்டீரியா. அடுத்தது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் நிமோனியே. போர்டெடெல்லாவை முயலும் நாயும் எந்த அறிகுறியும் காட்டாமலே மூக்குக்குள் சுமந்து திரியும். கடையில் முயற்கூட்டுக்குப் பக்கத்தில் கினிபிக்கை வைத்து விற்பது அதனால்தான் தவறு. சில கினிபிக்குகளும் கிருமியைச் சுமந்துகொண்டு சாதாரணமாகவே ஓடித் திரியும். பயணக் களைப்பு, இட மாற்றம், வெப்பம், விற்றமின் சி குறைவு எல்லாம் சேர்ந்து எதிர்ப்புச் சக்தியை இறக்கியதும் நோய் வெளியே வரும். ஆகவே விற்றவர் "என்னிடம் இருந்தபோது நல்லாத்தான் இருந்தது" என்று சொன்னால் அது பொய்யாக இருக்க வேண்டியதில்லை.

முதலில் சரியாகப் பார்க்கத் தெரிய வேண்டும். இடைக்கிடை ஒரு தும்மல், அதுவும் புல்லுக்குள் தலையை விட்டுக் கிளறும்போது வந்தால், அது தூசு. கண்ணில் பால்போல வெள்ளைத் திரவம் வருவதைப் பார்த்துப் பலர் பயப்படுவார்கள். முகம் கழுவுவதற்காகக் கினிபிக் தானே சுரப்பது அது. சில விநாடிகளில் போய்விடும். பயப்பட வேண்டியது காய்ந்து பொருக்குக் கட்டிய கண்ணுக்கும், மூக்குத் துளையைச் சுற்றி ஒட்டிய மஞ்சள் அல்லது வெள்ளைச் சளிக்கும்தான். மூக்கு துடைத்ததுபோல் சுத்தமாக இருந்தாலும் முன்னங்கால்களைத் திருப்பி உட்பக்கத்தைப் பாருங்கள். அங்கே மயிர் ஒட்டிக் கட்டியாகிக் கிடந்தால், மூக்கு ஒழுக ஒழுக அது கையால் துடைத்துக்கொண்டிருந்தது என்று பொருள். பிறகு ஃபானை நிறுத்தி, குட்டியைத் துவாயில் வைத்துப் பிடித்து, விலாப்பக்கம் காதை ஒட்டிக் கேளுங்கள். நல்ல நுரையீரலில் மெல்லிய காற்றோட்டம் மட்டும் கேட்கும். "கிளிக், கிளிக்" என்றோ கரகரவென்றோ ஒலித்தால் தொற்று மூக்கோடு நிற்கவில்லை. அமைதியாக இருக்கும்போது நிமிடத்துக்கு ஏறத்தாழ 40 முதல் 100 தடவை மூச்சு விடும்; 15 விநாடி எண்ணி நாலால் பெருக்கினால் போதும். ஒவ்வொரு மூச்சுக்கும் வயிற்றுப்பக்கம் உள்ளே இழுபட்டால், எண்ணிக்கை எதுவாக இருந்தாலும் அன்றே மிருக வைத்தியரிடம் போக வேண்டும்.

வாயைத் திறந்து மூச்சு விடுவது, கழுத்தை நீட்டி மூக்கை மேலே தூக்கிக்கொண்டிருப்பது, உதடோ பாதமோ நீலம் பாய்வது, பக்கவாட்டில் சரிந்து கிடப்பது: இவை அவசரம். அந்த நேரத்தில் வாயில் எதையும் ஊட்டாதீர்கள். காற்றோட்டமான பெட்டியில், இருக்கிற நிலையிலேயே இருக்க விட்டுக் கொண்டு போங்கள்.

சமையலறை டிஜிட்டல் தராசு ஒன்று இல்லாமல் நோயுற்ற கினிபிக்கைப் பார்க்க முடியாது என்பது என் உறுதியான கருத்து. தினமும் ஒரே நேரத்தில், காலைச் சாப்பாட்டுக்கு முன், ஒரு பாத்திரத்தில் இருத்தி நிறுத்து எழுதி வையுங்கள். பயந்த பிராணி என்பதால் ஆள் பார்க்கும்போது புல்லைக் கவ்வி மெல்லுவதுபோல் காட்டும், விழுங்காது. தராசு ஏமாறாது. வளரும் குட்டி எடை கூடாமல் நின்றாலே கவனிக்க வேண்டும். உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால், அதாவது 400 கிறாம் குட்டி 360க்கு வந்தால், நிலைமை மோசம்.

அடுத்தது மருந்து. இங்கேதான் பல பிராணிகள் நோயால் அல்ல, வைத்தியத்தால் சாகின்றன. வீட்டுப் பிள்ளைக்குச் சளி வந்தபோது வாங்கிய அமொக்சிசிலின் சிரப் பிரிட்ஜுக்குள் மிச்சம் இருக்கும். "கொஞ்சமாகத்தானே" என்று இரண்டு துளி விடுவார்கள். கினிபிக்கின் குடலில் நார்ச்சத்தைச் செரிக்க வைப்பது அங்கே வாழும் நல்ல பக்டீரியாக்கள். அமொக்சிசிலின், அம்பிசிலின், பெனிசிலின், செஃபலெக்சின் போன்றவை, கிளிண்டமைசின், எரித்ரோமைசின் இவையெல்லாம் அந்த நல்ல கூட்டத்தை அழித்துவிடும். இடம் வெறுமையானதும் குளோஸ்ட்ரிடியம் என்ற கெட்ட பக்டீரியா பெருகி நஞ்சைச் சுரக்கும். முதலில் சாப்பாடு நிற்கும், பிறகு நீர்போல வயிற்றோட்டம், சில நாளில் மரணம். குறைந்த அளவு என்பதால் ஆபத்து இல்லாமல் போகாது. நாய்க்கும் பூனைக்கும் அமொக்சிசிலின் சாதாரண மருந்து என்பதால், கினிபிக்கைக் கண்டு பழகாத வைத்தியர்கூடக் கைப்பழக்கத்தில் எழுதிவிடலாம். மரியாதையாக, "டொக்டர், இது பெனிசிலின் வகை இல்லைத்தானே?" என்று கேட்பதில் தவறே இல்லை.

கினிபிக்குக்கு வழக்கமாகக் கொடுப்பது என்ரோஃப்ளோக்சசின், ட்ரைமெத்தோப்ரிம்-சல்ஃபா, டொக்சிசைக்ளின் போன்றவை. எது, எவ்வளவு, எத்தனை நாள் என்பதை வைத்தியரே தீர்மானிக்க வேண்டும். அதற்கு எடை சரியாகத் தெரிய வேண்டும். திருகோணமலைப் பகுதியில் மிருக வைத்தியத்தின் பெரும்பகுதி மாடு, ஆடு, கோழி, நாய் என்பதால் மருந்தும் அந்த அளவுகளிலேயே இருக்கும். மாட்டுக்குரிய 10% என்ரோஃப்ளோக்சசின் கரைசலில் ஒரு மில்லியில் 100 மில்லிகிறாம் உண்டு. கிலோவுக்கு 10 மில்லிகிறாம் என்று எழுதப்பட்டால், 400 கிறாம் குட்டிக்கு வேண்டியது 4 மில்லிகிறாம், அதாவது 0.04 மில்லி. சிரிஞ்சில் அளந்து பிடிக்க முடியாத துளி அது. கை சற்று தவறினால் இரட்டை மருந்து போய்விடும். ஐதாக்கித் தரச் சொல்லிக் கேளுங்கள். வீட்டில் நீங்களே கலக்க வேண்டாம். என்ரோஃப்ளோக்சசின் மிகவும் கசப்பு. வாயோரம் விட்டதும் ஒரு கொத்தமல்லித் தண்டைக் கொடுத்தால் துப்பாமல் மென்று விழுங்கும்.

அன்ரிபயோட்டிக்கோடு தயிர் கொடுத்தால் வயிறு காக்கும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. கினிபிக்குக்கு அது பொருந்தாது. பால்ப்பொருளைச் செரிக்கும் வயிறல்ல அதற்கு. தயிரிலுள்ள கல்சியம் என்ரோஃப்ளோக்சசினையும் டொக்சிசைக்ளினையும் பிடித்து வைத்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது. மருந்து ஊட்டும் நேரத்தை ஒட்டி முருங்கை இலை போன்ற கல்சியம் கூடிய கீரையையும் தவிர்ப்பது நல்லது. இரண்டு வாரம் கொடுக்கச் சொன்னால் இரண்டு வாரமும் கொடுக்க வேண்டும். சில நாட்களிலேயே தும்மல் நின்றுவிடலாம். அதைப் பார்த்து நிறுத்தினால் நோய் திரும்பி வரும்போது முந்திய மருந்துக்கு மசியாமலும் போகலாம். இடையில் கழிச்சல் கண்டால் மாத்திரம் அடுத்த வேளை மருந்தைக் கொடுக்காமல் உடனே வைத்தியரோடு பேசுங்கள்.

மருந்து எவ்வளவு நல்லதானாலும் சாப்பாடு நின்றுவிட்டால் பிராணி தப்பாது. மூக்கு அடைத்ததும் மணம் தெரியாது. மணம் தெரியாவிட்டால் சாப்பிடாது. அதன் குடல் ஓய்வில்லாமல் ஓட வேண்டியது. அரை நாள் வெறுமையாகக் கிடந்தாலே வாயு கட்டி வயிறு ஊதத் தொடங்கும். எனவே தானாகச் சாப்பிடாத குட்டிக்குக் கையால் ஊட்ட வேண்டும். கிலோவுக்கு நாளொன்றுக்கு 50 முதல் 80 மில்லி கூழ் தேவை. 400 கிறாம் குட்டிக்கு 20 முதல் 32 மில்லி. அதை ஐந்தாறு வேளையாகப் பிரித்து, வேளைக்கு 4, 5 மில்லி. இரவிலும் ஒரு வேளை வேண்டும்.

விதையும் நிறமும் கலக்காத சாதாரணப் பெல்லட்டை (சிறு உருளைகளாக அழுத்திய தீனி) மிக்ஸியில் மாவாக்கி, ஒரு பங்குக்கு இரண்டு மூன்று பங்கு இளஞ்சூட்டுத் தண்ணீர் விட்டு, கால் மணித்தியாலம் ஊற வையுங்கள். கினிபிக் பெல்லட் கிடைக்காவிட்டால் முயல் பெல்லட் அவசரத்துக்கு உதவும். ஆனால் மருந்து கலந்த தீனி அல்ல என்று பையில் பார்த்துக்கொள்ள வேண்டும். விற்றமின் சியைத் தனியாகக் கொடுத்தே ஆக வேண்டும். ஒரு மில்லி சிரிஞ்சின் முனையில் நார் அடைத்துவிடும். ஊசி இல்லாத சிரிஞ்சின் முனையைச் சற்று வெட்டி, வெட்டிய விளிம்பை உரசி மழுங்கடித்தால் கூழ் தடையில்லாமல் வரும்.

ஊட்டும்போது குட்டியைத் துவாயில் சுற்றி, நாலு காலும் கீழே இருக்கும்படி மடியில் வையுங்கள். குழந்தையைப்போல மல்லாக்கப் பிடித்து ஊட்டினால் கூழ் மூச்சுக்குழாய்க்குள் போய், இருக்கிற நோயோடு இன்னொரு நிமோனியாவும் சேரும். முன்பற்களுக்குப் பின்னால் இரு பக்கமும் பல்லில்லாத இடைவெளி உண்டு. சிரிஞ்சைப் பக்கவாட்டில் அந்த இடைவெளியால் விட்டு, கால் மில்லி, அரை மில்லியாகத் தள்ளி, தாடை அசைந்து விழுங்கும்வரை காத்திருங்கள். அதற்குமுன் மூக்கை உப்புநீரில் நனைத்த பஞ்சால் துடைத்துத் துவாரத்தைத் திறந்துவிட வேண்டும். இயல்பில் மூக்கால் மட்டுமே மூச்சு விடும் பிராணி. அடைத்த மூக்கோடு விழுங்கச் சொன்னால் திணறும். முன்னால் எப்போதும் புதுப் புல் கிடக்கட்டும். தானாக மெல்லத் தொடங்கும்போது கூழைக் குறைத்துக்கொள்ளலாம்.

கினிப்புல் இங்கே வேலியோரமெல்லாம் வளர்கிறது, நல்ல தீனி. ஆனால் தம்பலகாமம், கந்தளாய்ப் பக்கம் வயல் வரம்பில் வெட்டிய புல்லில் களைநாசினி, பூச்சிமருந்து பட்டிருக்கலாம். தெருவோரப் புல்லில் நாய்களின் கழிவு. இடம் தெரிந்த புல்லாக எடுத்துக் கழுவி உதறிக் கொடுங்கள்.

மனிதரைப்போலவே கினிபிக்கின் உடலும் விற்றமின் சியைத் தானாக உண்டாக்காது. சுகமாக இருக்கும்போது நாளுக்கு 10 முதல் 30 மில்லிகிறாம் போதும். நோயில் 30 முதல் 50 வரை தேவைப்படும். பாமசியில் வாங்கும் 100 மில்லிகிறாம் மாத்திரையில் அரைவாசியைப் பொடித்துக் கூழில் கலந்து, நாளுக்குள் பிரித்துக் கொடுத்தால் சரி. வேறு விற்றமின்கள் சேர்ந்த மல்ட்டிவிற்றமின் வேண்டாம். தண்ணீர்ப் போத்தலில் கரைத்து வைப்பது வீண்: வெளிச்சத்திலும் வெப்பத்திலும் சத்து அழியும், சுவை மாறியதால் குட்டி தண்ணீரையும் குடிக்காது. தானாகச் சாப்பிடுகிற குட்டிக்குக் குடைமிளகாய்த் துண்டும் விதை நீக்கிய சிறு கொய்யாத் துண்டும் மிக நல்லவை.

இனி வீட்டுக் காற்று. வெள்ளிக்கிழமைச் சாம்பிராணி, மாலையில் நுளம்புச் சுருள், குசினியில் தாளிக்கும் மிளகாய்ப் புகை மூன்றும் இந்த நோயில் நஞ்சு. அவை எட்டாத அறையில் வையுங்கள். நுளம்புக்கு வலை போடுங்கள். விக்ஸ், யூக்கலிப்டஸ் எண்ணெய், கற்பூரம் எதுவும் பக்கத்தில் வேண்டாம். ஆவி பிடிக்க வைப்பதும் கூடாது. 27 பாகை செல்சியசுக்கு மேலேயே தவிக்கத் தொடங்கும் பிராணியை இந்த ஊர் வெக்கையில் ஆவிக்குள் வைத்தால் வெப்பத்தாக்கத்தில் சாகும். சளி இளக வேண்டுமென்றால் உப்புநீரை நுண்துளிகளாக்கிச் சுவாசிக்க வைக்கும் நெபுலைசரை வைத்தியர் சொல்வார்.

கச்சான் காற்று வீசும் ஆனி, ஆடி மாதங்களில் பகல் வெப்பமே பெரிய எதிரி. கூட்டை விறாந்தையிலோ தகரக் கூரைக்குக் கீழோ வைக்காமல், வீட்டின் குளிர்ந்த உள்ளறையில் தரையோடு வையுங்கள். ஃபானைச் சுவர்ப்பக்கம் திருப்பிவிடுங்கள். நேரே படக் கூடாது. கரண்ட் போனால், தண்ணீர் உறையவைத்த போத்தலைத் துணியில் சுற்றிக் கூட்டின் ஒரு பக்கத்தில் வைத்தால், விரும்பினால் கிட்ட வரும், இல்லாவிட்டால் விலகும். மாரியில் வாடை அடிக்கும்போது சிக்கல் ஈரம். விரிப்பு காயாது, சிறுநீரின் அமோனியா நெடி நுரையீரலை அரித்துவிடும். தச்சுப் பட்டறை மரத்தூள் இலவசமாகக் கிடைக்கிறது என்று போடாதீர்கள். அந்தத் தூசே தும்மலைக் கூட்டும். அடியில் பழைய பத்திரிகை, மேலே பழைய துவாய் போட்டு, நோய்க்காலத்தில் தினமும் மாற்றுங்கள். நூல் பிரிந்த துணி காலில் சுற்றும்; அதைக் கழித்துவிடுங்கள்.

வீட்டில் ஏற்கனவே கினிபிக் இருந்தால் புதியதை இரண்டு மூன்று வாரம் வேறு அறையில் வைக்க வேண்டும். தும்மல் துளியால் பரவும் நோய் என்பதால் அறைக்குள் மறுமூலை என்பது தனிமைப்படுத்தல் ஆகாது. முதலில் பழையவற்றுக்குத் தீனி வைத்து, கடைசியாகப் புதியதிடம் போய், கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். சோடியாக வாங்கியதில் ஒன்று மட்டும் நோயுற்றால் பிரிக்கத் தேவையில்லை; மற்றதும் அதே காற்றைத்தான் சுவாசித்திருக்கிறது, பிரிவு இரண்டையும் சோர வைக்கும். இரண்டையும் வைத்தியரிடம் காட்டுங்கள். பெண் குட்டியானால், கடையிலேயே சினைப்பட்டிருக்கக்கூடும் என்று வைத்தியரிடம் சொல்லுங்கள். டொக்சிசைக்ளின் போன்றவை சினைக்காலத்துக்கு ஏற்றவையல்ல.

உள்ளூரில் சிக்கல் தீராவிட்டால் பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்தியப் பீடத்தின் போதனா வைத்தியசாலை இருக்கிறது. நோயுற்ற குட்டிக்குக் கண்டிப் பயணம் லேசானதல்ல. முதலில் தொலைபேசியில் பேசி, விடிய முன் வெயில் ஏறாத நேரத்தில் புறப்பட்டு, பெட்டிக்குள் ஈரப்பசையுள்ள புல்லும் வெள்ளரித் துண்டும் போட்டுக் கொண்டு போங்கள்.

மருந்து முடிந்து ஓரிரு வாரத்தில் தும்மல் திரும்பினால் மிச்சமிருக்கும் போத்தலைத் திறக்க வேண்டாம். மூக்குச் சளியைப் பரிசோதித்து எந்த மருந்துக்குக் கிருமி அடங்கும் என்று பார்க்கவும், நெஞ்சை எக்ஸ்ரே எடுக்கவும் கேளுங்கள். கடைவாய்ப்பல்லின் வேர் மேல்நோக்கி நீண்டாலும் மூக்கும் கண்ணும் ஒழுகும். இதய நோயிலும் மூச்சு வாங்கும். அவற்றுக்கு எந்த அன்ரிபயோட்டிக்கும் கேட்காது.