புளூ சீஸ் வைத்த டெவில்டு முட்டை: நான்காவது முறையில் வந்த பதம்

டெவில்டு முட்டை செய்முறையில் பெரிதாக ஒன்றுமில்லை. வேகவைத்த முட்டையை இரண்டாக அரிந்து, மஞ்சள் கருவை எடுத்து, மயோனைஸும் கடுகு விழுதும் சேர்த்து மசித்து, திரும்பவும் வெள்ளைக்கருவின் குழியில் நிரப்ப வேண்டும். காரசாரமாகச் செய்த பண்டத்தை 18-ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலத்தில் ‘டெவில்டு’ என்று சொல்லத் தொடங்கிவிட்டார்கள். அந்தப் பெயர்தான் இதற்கும் நிலைத்துவிட்டது. அதில் நீலப் பூஞ்சை படர்ந்த, காட்டமான மணமுள்ள புளூ சீஸைச் சேர்த்தால் எப்படி இருக்கும் என்ற ஆசையில் ஆரம்பித்து, இதுவரை நான்கு முறை செய்துவிட்டேன்.

முதல் முறை செய்தது வாயில் வைக்க முடியாத அளவுக்கு உப்புக் கரித்தது. நிறமோ சாம்பல் கலந்த பச்சை. முட்டைகளும் அம்மை விழுந்த முகம்போல ஆகியிருந்தன, உரிக்கும்போது ஓட்டோடு வெள்ளைக்கருவும் பிய்ந்து வந்துவிட்டது.

முட்டையைச் சரிசெய்வது சுலபமாக இருந்தது. முதல் முறை எடுத்தது அன்றைக்கு வாங்கிய புது முட்டை. புது முட்டையின் வெள்ளைக்கருவில் கரியமில வாயு கரைந்திருக்கும். நாளாக ஆக அது ஓட்டின் நுண்துளைகள் வழியே வெளியேற, வெள்ளைக்கருவின் காரத்தன்மை கூடும். அப்போது உள்சவ்வோடு அது ஒட்டுகிற பிடி தளர்ந்துவிடும். ஆகவே இப்போதெல்லாம் ஃப்ரிட்ஜில் ஒரு வாரமாவது இருந்த முட்டையைத்தான் எடுக்கிறேன். பச்சைத் தண்ணீரில் போட்டுச் சூடேற்றுவதையும் விட்டுவிட்டேன். தண்ணீர் கொதித்த பிறகு கரண்டியால் மெதுவாக இறக்கி, 12 நிமிடம் வேகவிட்டு, உடனே ஐஸ் தண்ணீருக்கு மாற்றுகிறேன். அகன்ற முனையில் காற்றறை இருப்பதால் அங்கே தட்டி உரிக்கத் தொடங்கினால் ஓடு பெரிய சில்லுகளாகக் கழன்று வருகிறது. மஞ்சள் கருவைச் சுற்றிப் பச்சை வளையமும் இல்லை. அதிக நேரம் வெந்தால் வெள்ளைக்கருவிலிருந்து வரும் கந்தகமும் மஞ்சள் கருவின் இரும்பும் சேர்ந்துதான் அந்த வளையத்தை உண்டாக்குகின்றன. முந்தின இரவே முட்டைகளைப் பக்கவாட்டில் படுக்கவைத்தால் மஞ்சள் கரு ஓரளவு நடுவில் நிற்கிறது. ஒரு பக்கமாக ஒதுங்கிவிட்டால் அந்தப் பக்கச் சுவர் மெல்லியதாகி, நிரப்பும்போது கிழிந்துவிடும்.

என்னை உட்காரவைத்து யோசிக்க வைத்தது சீஸ்தான். இரண்டாவது முறை தனியாக உப்புப் போடவே இல்லை. சீஸ், மயோனைஸ், கடுகு விழுது மூன்றிலும் ஏற்கெனவே உப்பு இருக்கிறது, அதுவே போதும். சுவை சரியாகிவிட்டது. ஆனால் நிறம் அப்படியே அழுக்குப் பச்சையாகத்தான் வந்தது. பிறகு சீஸ் கட்டியை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். வெட்டிய முகத்தில் நீலம் ஆங்காங்கே நேர்க்கோடாக ஓடியது. எல்லாம் ஊசியால் குத்திய தடம். பெனிசிலியம் ராக்ஃபோர்டி என்ற பூஞ்சை வளரக் காற்று வேண்டும். அதற்காகச் சீஸைக் கம்பியால் குத்தித் துளையிடுவார்கள், காற்றுப் புகுந்த வழியெல்லாம் நீலம் படரும். கெட்டுப்போன ரொட்டியில் தானாக வரும் பூஞ்சை போன்றதல்ல இது, வேண்டுமென்றே சேர்த்து வளர்ப்பது. பாலின் கொழுப்பை உடைத்து அந்தக் காட்டமான மணத்தைத் தருவதும் இதுதான்.

நீலம் கோடுகளிலும் குழிகளிலும்தானே இருக்கிறது, இரண்டையும் ஏன் சேர்த்து மசிக்க வேண்டும்? மூன்றாவது முறை முள்கரண்டியால் வெண்மையான பகுதியைத் தனியாகவும் நீலப் பகுதியைத் தனியாகவும் பிரித்தேன். பத்து நிமிடம் பிடித்தது. வெண்பகுதியை மட்டும் மஞ்சள் கருவோடு மசித்தேன். நீலத்தைச் சிறு துணுக்குகளாக உதிர்த்து மேலே வைத்தேன். உள்ளே வெண்ணெய் நிறம், மேலே நீலம். பார்த்ததும் எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி! சுவையிலும் இதுவே மேல். முதல் கடியில் மென்மை, துணுக்கு பல்லில் படும்போது உறைப்பு என்று இரண்டும் தனித்தனியாகத் தெரிகின்றன. எல்லாம் ஒன்றாகக் கலந்தபோது ஒரே காட்டம்தான் இருந்தது.

இப்போதைய அளவு: ஆறு முட்டைக்கு 40 கிராம் சீஸ், அதில் ஏறக்குறைய 25 கிராம் உள்ளே, மீதி மேலே. மயோனைஸ் இரண்டரை மேசைக்கரண்டி, கடுகு விழுது அரைத் தேக்கரண்டி, வினிகர் சில துளி, மிளகுத்தூள் தாராளமாக. மஞ்சள் கரு வெதுவெதுப்பாக இருக்கும்போதே சல்லடையில் தேய்த்து எடுத்துவிட வேண்டும். ஆறினால் சிறு சிறு கட்டிகளாக நின்று, பிழியும் பையின் முனையை அடைத்துக்கொள்ளும். மயோனைஸை மட்டும் நன்றாக ஆறிய பிறகே சேர்க்கிறேன். ஒருமுறை சூட்டோடு சேர்த்து எண்ணெய் பிரிந்துவிட்டது. சீஸையும் அரை மணி நேரம் முன்னதாகவே வெளியே எடுத்து வைக்க வேண்டும். குளிர்ந்த சீஸ் மசியாது, அதன் மணமும் அடங்கியே கிடக்கும்.

மேலே தூவப் புகையூட்டிய மிளகாய்த்தூளைப் போட்டுப் பார்த்தேன். அது சீஸின் மணத்தை அமுக்கிவிட்டது, இனி வேண்டாம். லேசாக வறுத்துப் பொடித்த வால்நட் அற்புதமாகப் பொருந்தியது. அதன் மெல்லிய கசப்பு சீஸின் உப்பைத் தணிக்கிறது. சாப்பிடுவதற்குச் சற்று முன்பு தூவினால்தான் மொறுமொறுப்பு நிற்கும்.

நான்காவது முறை, நிரப்பியதில் பாதியை மறுநாளுக்கு வைத்துப் பார்த்தேன். வெள்ளைக்கருவின் ஓரத்தில் நீர் விட்டிருந்தது. முன்கூட்டியே செய்வதென்றால் கலவையையும் வெள்ளைக்கருவையும் தனித்தனியாக மூடி ஃப்ரிட்ஜில் வைத்து, பரிமாறுவதற்கு அரை மணி நேரம் முன்பு நிரப்புவது நல்லது. முட்டைப் பண்டம் என்பதால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைப்பதில்லை.

இதுவரை எடுத்தது உதிரும் வகைச் சீஸ். அடுத்த முறைக்கு கோர்கோன்சோலா டோல்சே என்ற புளூ சீஸ் வாங்கியிருக்கிறேன். குழைந்த, இனிப்புச் சாயல் உள்ள வகை என்பதால் மயோனைஸைப் பாதியாகக் குறைத்துவிடலாம் என்று நினைக்கிறேன். ஆனால் அதில் நீலத்தைத் தனியாகப் பிரிக்க முள்கரண்டி உதவாது, கத்தி முனைதான் வேண்டும். முட்டை வாங்கி நான்கு நாள் ஆகிறது. இன்னும் மூன்று நாள் பொறுக்க வேண்டும்.