இருமலே இல்லாத டிபி

ஜூன் 11
புள்ள நிக்கலன்னு எச்எஸ்ஜி எடுத்தாச்சு, கருமுட்டை வர்ற ட்யூப்ல அடைப்பு இருக்கான்னு டை (கலர் மருந்து) விட்டு பாக்கற எக்ஸ்ரே. பீரியட் நின்னதும், முட்டை வெடிக்கறதுக்கு முன்னாடி எடுக்கணுமாம், அதான் லீவ போட்டுட்டு போயிட்டேன். டை உள்ள போறப்ப அடிவயித்த புடிச்சு முறுக்குது, டெக்னீஷியன் "ஹில்னா மத், ஹில்னா மத்"ன்னுட்டே (அசையாதேன்னு) நிக்கறான், நான் மெஷின்ல ஒட்டியிருந்த பிள்ளையார் ஸ்டிக்கரயே பாத்துட்டு கெடந்தேன். வலது ட்யூப் கர்ப்பப்பைய ஒட்டியே அடைப்பு, இடது நுனில அடைச்சு தண்ணி கோத்து வீங்கிருக்கு.

ஜூன் 14
வலி வந்து ட்யூப் சுருங்கினாகூட பிலிம்ல அடைப்பு மாதிரிதான் தெரியுமாம், அதனால வலத இப்பவே நம்ப வேணாம்னாங்க டாக்டர். இடதுதான் வம்பு. அந்த தண்ணி கர்ப்பப்பைக்குள்ள கசிஞ்சா ஐவிஎஃப்ல (டெஸ்ட் ட்யூப் பேபி முறைல) வெக்கற கருகூட ஒட்டறது கஷ்டம், சான்ஸ் கிட்டத்தட்ட பாதியாயிடும். லேப்ராஸ்கோபி, அதாவது வயித்துல சின்ன ஓட்டை போட்டு கேமரா விட்டு, பண்ணி பாத்துடலாம்னாங்க. இவரு விந்து ரிப்போர்ட் நார்மல். எனக்கு இவ்ளோ டெஸ்ட் முடிஞ்சப்புறம்தான் சாம்பிளயே குடுத்தாரு, ஒரு டப்பால புடிச்சு குடுக்கற வேலை!

ஜூலை 9
லேப்ராஸ்கோபில எடுத்த சதை ரிப்போர்ட் வந்துச்சு, டிபியாம். எனக்கு இருமலே கெடையாது, நெஞ்சு எக்ஸ்ரேயும் கிளீன். எப்பவோ நுரையீரல்ல பூந்த கிருமி ரத்தத்துல போயி ட்யூப்ல உக்காந்துக்குமாம், நம்ம நாட்ல ட்யூப் அடைப்புக்கு இது ஒரு பெரிய காரணம்னாங்க. இது இருமி பரவற வகை இல்லன்னு சொல்லியும் அத்தை என் டம்ளர தனியா வெச்சுட்டாங்க.

ஜூலை 20
முனிசிபாலிட்டி ஆஸ்பத்திரில மாத்திரை ஃப்ரீ, 6 மாசம் விடாம போடணும். யூரின் ஆரஞ்சு கலர்ல போகுது, பயந்தே போயிட்டேன், மாத்திரையாலதானாம். கோர்ஸ் முடியற வரைக்கும் கர்ப்பம் வேணாம், கருத்தடை மாத்திரையும் இதோட சரியா வேலை செய்யாதுன்னு காண்டம் எழுதி குடுத்தாங்க. புள்ளைக்கு அலையறவங்களுக்கு காண்டம், மெடிக்கல்லருந்து வெளிய வந்ததும் இவரு சிரிச்ச சிரிப்பு இருக்கே...

ஆகஸ்ட் 6
1986ல இதே நாள்தான் நம்ம மும்பை பரேல் கேஇஎம் ஆஸ்பத்திரில டாக்டர் இந்திரா ஹிந்துஜா டீம் மூலமா ஹர்ஷான்னு டெஸ்ட் ட்யூப் பேபி பொறந்துச்சாம். அத்தைகிட்ட சொன்னேன். "ஆமா, நாங்க தாராவி வந்த புதுசு, பாட்டில்ல புள்ள வளக்காகன்னு ஊரே பேசிச்சு"ன்னாங்க. "அப்ப ட்யூப் இல்லாமலும் ஆகுமாட்டி?" ஆகும் அத்தை, முட்டைய நேரா எடுத்து வெளிய கரு ஆக்கி உள்ள வெக்கறாங்க, 1978ல உலகத்துல மொத மொதல்ல அப்படி பெத்த இங்கிலாந்துக்கார அம்மாவுக்கும் ட்யூப் அடைப்புதான்னேன். எவ்ளோ ஆகும்னாங்க. லட்சக்கணக்குலன்னதும் மூஞ்சி மாறிடுச்சு. அதுக்கு முன்னாடி இடது ட்யூப எடுக்கற ஆபரேஷன் வேற இருக்கு, அந்த செலவ இன்னும் சொல்லல.