சிவப்புத் தூள் வரும் வரை

அம்மா குளிக்கும் இடத்துக்கு நேர் மேலே கீசர். 25 லிட்டர். தண்ணீர் மட்டுமே 25 கிலோ. தொட்டியின் எடையும் சேர்ந்தால் 35 கிலோவைத் தொடும். போன மாதம் திருச்சி வீட்டுக்குப் போனபோது அது ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. இடது போல்ட் அரை அங்குலம் வெளியே வந்திருந்தது. வயிற்றைக் கலக்கிவிட்டது.

கரண்டை நிறுத்தி, தண்ணீரை வடித்து, மைத்துனரும் நானுமாக இறக்கினோம். போல்ட் கையோடு வந்தது. அதில் ஒட்டியிருந்த தூள் முழுக்கச் சாம்பல் நிறம், பெயருக்குக்கூடச் சிவப்பு இல்லை. செங்கல்லுக்குள் போல்ட் போகவே இல்லை. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே உள்ள கலவையில் இறங்கி, இத்தனை நாள் பூச்சின் தயவில் நின்றிருக்கிறது.

பக்கத்துத் தெருக் கொத்தனார் வந்து பார்த்தார். "டைல்ஸுக்கு மேல அளக்காதீங்க தம்பி, கல்லு எங்க ஆரம்பிக்குதோ அங்கேர்ந்து அளங்க" என்றார். டைல்ஸும் அதன் பின்னால் உள்ள கலவையும் சேர்ந்தே 3 செ.மீ. இருந்தது. பழைய போல்ட் இரண்டரை அங்குலம்தான். நான் நான்கு அங்குல ஆங்கர் போல்ட் வாங்கினேன், முறுக்கும்போது துளைக்குள் விரிந்து சுவரைக் கவ்வும் வகை.

இடத்தையும் மாற்றினேன். தலைக்கு மேலே வேண்டாம், அதே ஒன்பது அங்குலச் சுவரில் ஓரமாக. குழாய்க்கும் ஸ்விட்சுக்கும் நேர் மேலே, நேர் கீழே துளை போடக் கூடாது. பைப்பும் ஒயரும் பெரும்பாலும் அந்த நேர்க்கோட்டில்தான் ஓடும்.

டைல்ஸில் ட்ரில் பிட் வழுக்கும். அதனால் மாஸ்கிங் டேப் ஒட்டி அதன் மேல் பென்சிலால் குறித்தேன். ட்ரில்லில் ஹேமரை, அதாவது இடித்துக்கொண்டே துளைக்கும் முறையை, அணைத்துவிட்டு, 6 மி.மீ. டைல்ஸ் பிட்டால் மெதுவாகத் துளைத்தேன். டைல்ஸைத் தாண்டிய பிறகுதான் சுவர் பிட்டும் ஹேமரும். துளைக்குக் கீழே ஒரு வெள்ளைக் கவரை ஒட்டியிருந்தேன், தூள் அதில் விழும். முதலில் டைல்ஸின் தூள், அப்புறம் சாம்பல், சாம்பல்... 3 செ.மீ. தாண்டியும் சாம்பல்தான். கல் இடுக்கு! ஒன்றரை அங்குலம் மேலே போனேன். செங்கல் உயரம் மூன்று அங்குலம் என்பதால் அது கல்லின் நடுப்பகுதியில் விழும். இந்த முறை கவரில் செம்மண் போலத் தூள் கொட்டியது. அந்தச் சிவப்பைப் பார்த்ததும் வந்த நிம்மதி இருக்கிறதே!

அதே துளையை 10 மி.மீ. பிட்டால் பெரிதாக்கினேன். எடுத்தவுடனே பெரிய பிட்டைப் போட்டிருந்தால் அது விலகி ஓடியிருக்கும். சைக்கிள் பம்பால் உள்ளே இருந்த தூளை ஊதி எடுத்தேன். இதைப் பலரும் செய்வதில்லை. தூள் இருந்தால் ஆங்கர் சுவரைப் பிடிக்காமல் தூளைத்தான் பிடிக்கும்.

இரண்டாவது துளையை அப்போதே குறிக்கவில்லை. முதல் போல்ட்டில் பிராக்கெட்டை மாட்டி, ரசமட்டம் வைத்து, குமிழ் நடுவில் நின்ற பிறகே குறித்தேன்.

கீசரை உடனே மாட்ட மனம் வரவில்லை. இரண்டு போல்ட்டிலும் சுவரை ஒட்டிக் கயிறு கட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு 20 லிட்டர் தண்ணீர் கேனை ராத்திரி முழுக்கத் தொங்கவிட்டேன். காலையில் ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். ராத்திரி போல்ட் வெளியே நீட்டிக்கொண்டிருந்த அளவு 22 மி.மீ. இப்போதும் 22. அதற்கு மேல்தான் கீசர் ஏறியது.