புதுக் கியூ, பழைய கணக்கு: ஸ்பின் கைக்கு வர நான்கு வாரம்

பூல் மேசையில் பந்தடிக்கும் குச்சியான கியூவை மாற்றியதும் நேர் ஷாட் கெடுவதில்லை. வெள்ளைப் பந்தின் நடுவில் அடிக்கும்வரை பழைய குச்சியும் புதுசும் ஒன்றுதான். சைடு, அதாவது பந்தின் பக்கவாட்டில் அடித்துத் தரும் சுழற்சி, போட்டதும்தான் வம்பு: கண்ணை மூடிக்கொண்டு போடக்கூடிய பந்துகூட பாக்கெட் வாயில் இடித்துவிட்டு நிற்கும். பழைய கியூவுக்காகக் கண் போட்டுவைத்திருக்கும் கணக்கு புதுசுக்குப் பொருந்தவில்லை, அவ்வளவுதான் விஷயம்.

கியூவின் நுனியில் ஒட்டிய தோல் துண்டான டிப்பைப் பந்தின் வலப்பக்கம் வைத்து அடித்தால், வெள்ளைப் பந்து கியூ நீட்டிய கோட்டில் புறப்படாது. சற்று இடப்பக்கம் ஒதுங்கித்தான் கிளம்பும். இதுதான் டிஃப்ளெக்‌ஷன். எவ்வளவு ஒதுங்கும் என்பதைப் பெரும்பாலும் ஷாஃப்டின் (கியூவின் மெல்லிய முன்பாதியின்) முனைக்கனம் முடிவு செய்கிறது, அதாவது டிப்பிலிருந்து சுமார் 15, 20 செ.மீ. வரையிலான பகுதி. முனையில் உள்ளே குடைந்த மர ஷாஃப்டும் கார்பன் ஷாஃப்டும் அங்கே லேசு. பந்து குறைவாக ஒதுங்கும். சாதாரண மேப்பிள் ஷாஃப்டிலிருந்து இவற்றுக்கு மாறுகிறவர் பழக்கதோஷத்தில் கொஞ்சம் வலப்பக்கம் சேர்த்தே குறிவைப்பார். பந்து ஒதுங்காமல் அப்படியே வலப்பக்கம் போய் மோதும். ஒரு டிகிரி தவறினாலே ஒரு மீட்டர் தூரத்தில் 17 மி.மீ. தள்ளிவிடும். பந்தின் விட்டமே 57 மி.மீ.தான்.

முதல் வாரம் ஆட்டமே வேண்டாம். கியூவின் அடியில் உள்ள எடை போல்ட்டை மாற்றுவது, வேறு டிப் ஒட்டுவது எதுவும் வேண்டாம். கியூ, எடை, டிப் மூன்றையும் ஒன்றாக மாற்றினால் எது எதைக் கெடுத்தது என்று கடைசிவரை தெரியாது. பிடி எங்கே விழுகிறது என்பதை மட்டும் பார்த்தால் போதும். டிப் பந்தைத் தொடும் நேரத்தில் முன்கை செங்குத்தாகத் தொங்க வேண்டும். எடைச் சமநிலை முன்னே பின்னே மாறினால் கை தானாக நகர்ந்துவிடும், நமக்குத் தெரியவே தெரியாது. சரியான இடத்தில் மெல்லிய டேப் ஒரு சுற்றுச் சுற்றிவைத்தால் கை அங்கேயே நிற்கும்.

இரண்டாம் வாரம், கியூ பந்தை எவ்வளவு ஒதுக்குகிறது என்று அளந்தோம். முதல் முயற்சி வீண். வெள்ளைப் பந்துக்கு நேரே இன்னொரு பந்தை வைத்து, அது எங்கே போகிறது என்று பார்த்தோம். வலது சைடு போட்ட பந்து மோதும்போது எதிர்ப் பந்தை உராய்வாலேயே இடப்பக்கம் தள்ளிவிடும். அப்படியானால் அது டிஃப்ளெக்‌ஷனா, உராய்வா என்று எப்படிப் பிரிப்பது? அதனால் பந்தை எடுத்துவிட்டு வாசல் வைத்தோம்: ஒரு மீட்டர் தூரத்தில் இரண்டு பந்துகள், நடுவில் 70 மி.மீ. இடைவெளி. வெள்ளைப் பந்து எதையும் தொடாமல் அதற்குள் புகுந்து போக வேண்டும்.

கியூவைத் தாங்கும் கையை, அதாவது பிரிட்ஜை, வெள்ளைப் பந்திலிருந்து 25 செ.மீ. தள்ளி வைத்து, நடுவில் அடிப்பதுபோல வாசலுக்குக் குறி. பிரிட்ஜ் கை அசையாமல் பின்கையை மட்டும் இடப்பக்கம் நகர்த்தினால் டிப் வலப்பக்கம் வரும். ஒரு டிப் அகலம் வந்ததும், கியூ இப்போது காட்டும் திசையிலேயே கொஞ்சம் அழுத்தமாக அடிக்க வேண்டும். மெதுவாக அடித்தால் பந்து போகப் போக வலப்பக்கம் வளைந்து திரும்பிவிடும், அளவு பொய்த்துப் போகும். கியூவைப் பின்னால் தூக்கினால் வளைவு இன்னும் கூடும். மேசையின் ரப்பர் விளிம்பான குஷனை ஒட்டிப் பந்து இருந்தால் கியூவைத் தூக்கித்தான் ஆக வேண்டும், ஆகவே அங்கே வைக்கக் கூடாது.

வலது பக்கத்துப் பந்தில் இடித்தால் பிரிட்ஜை நீட்ட வேண்டும், இடது பக்கத்தில் இடித்தால் குறுக்க வேண்டும். வாசல் நடுவே போகும் நீளம்தான் அந்த ஷாஃப்டின் பிவட் நீளம். சாதாரண ஷாஃப்டில் இது 25 முதல் 35 செ.மீ. வாக்கில் நிற்கும், அதற்குப் பின்கையை மட்டும் திருப்பி அடிக்கும் முறை அழகாகப் பொருந்தும். டிஃப்ளெக்‌ஷன் குறைந்த ஷாஃப்டில் அது 40 செ.மீ.யைக்கூடத் தாண்டிவிடலாம். அவ்வளவு தள்ளி பிரிட்ஜ் வைத்து வசதியாக ஆட முடியாது. அங்கே குறியை முதலிலேயே சைடோடு சேர்த்துப் பார்த்து, கியூவைக் கிட்டத்தட்ட இணையாக நகர்த்தி, சின்னதாக ஒரு திருத்தம் மட்டும் சேர்ப்பதுதான் வழி.

மூன்றாம் வாரம் கோடு போட்ட பந்துக்கு. வெள்ளைப் பந்தின் இடத்தில் ஒன்பது முதல் பதினைந்து வரையுள்ள பட்டை போட்ட பந்துகளில் ஒன்றை வைக்க வேண்டும். பட்டையின் அகலம் பந்தின் விட்டத்தில் ஏறக்குறைய பாதி. அதாவது பட்டையின் ஓரம் நடுவிலிருந்து 14 மி.மீ. தள்ளி இருக்கிறது, டிப் வழுக்காமல் அடிக்கக்கூடிய எல்லையும் அதுவேதான். பேக் ஸ்பின்னுக்கு (பந்தைப் பின்னால் இழுக்கும் சுழற்சிக்கு) பட்டை படுக்கையாக, சைடுக்குச் செங்குத்தாக. பந்தைத் துடைத்து, டிப்புக்குப் புதிதாக நீலச் சாக் (வழுக்காமலிருக்கத் தடவும் பொடிக்கட்டி) தடவி அடித்தால், பட்ட இடம் நீலப் பொட்டாகத் தெரியும்.

இந்தப் பொட்டு நிறையப் பேரைத் திடுக்கிட வைக்கும். டிப் உருண்டையானது, அதனால் பந்தைத் தொடுவது அதன் நடுப்பகுதி அல்ல, உள்பக்க ஓரம். டிப்பின் வளைவு ஆரம் 10 மி.மீ. என்றால், பொட்டு 14 மி.மீ.யில் விழுவதற்குக் கியூவின் நடுக்கோடு 19 மி.மீ. தள்ளி இருக்க வேண்டும். கண் பார்ப்பது நடுக்கோட்டை. எல்லைக்கே போய்விட்டோம் என்று நினைத்து அடித்த ஷாட்டின் பொட்டு முக்கால் வழியில்தான் இருக்கும். ஸ்பின் போதவில்லை என்று வேகத்தைக் கூட்டுகிறவர்களில் பலருக்கு நோய் இதுதான்.

பொட்டு குறிவைத்ததற்கு மேலே விழுந்தால், கடைசி நொடியில் பின்கை இறுகுகிறது, அல்லது தொடுவதற்கு முன்பே முழங்கை இறங்குகிறது. இரண்டுமே டிப்பை மேலே தூக்கும். பொட்டு எல்லைக்குள் இருந்தும் டிப் வழுக்கினால் டிப்பைத்தான் பார்க்க வேண்டும். புது டிப்பின் மேல் பளபளப்பு ஏறியிருந்தால் சாக் ஒட்டாது. உப்புத்தாளால் லேசாகச் சொரசொரப்பாக்கினால் போதும். புதுத் தோல் டிப் அடிபட்டு அமுங்கி, ஓரம் காளான் குடைபோல வெளியே பிதுங்கும். அதைச் சீவி வளைவை மீட்க வேண்டும்.

நான்காம் வாரம் அளவுப் பயிற்சி. 30 செ.மீ. தள்ளி நேராக ஒரு பந்து. வெள்ளைப் பந்து 30, பிறகு 60, பிறகு 90 செ.மீ. பின்னால் வர வேண்டும். பந்தில் டிப் படும் உயரத்தை மாற்றாமல் வேகத்தை மட்டும் மாற்றி ஒரு சுற்று, வேகத்தை மாற்றாமல் உயரத்தை மட்டும் மாற்றி இன்னொன்று. பத்தில் ஏழு சரியாக வந்த பிறகு தூரத்தை 60 செ.மீ. ஆக்கலாம். துணியின் உராய்வு வழியிலேயே பின்சுழற்சியைத் தின்றுவிடும், அதனால் தூரம் கூடும்போது அடியும் கூட வேண்டும்.

சைடுக்கு, மேசையின் நடுக்கோட்டில் எதிர்க் குஷனுக்கு நேராக அடித்து, திரும்பி வரும் பந்து எந்த டைமண்ட் (மேசை விளிம்பில் பதித்த குறி) பக்கம் விலகுகிறது என்று குறித்தோம்: கால் டிப், அரை டிப், ஒரு டிப். ஒரே சைடுதான், மெதுவாக அடித்தால் குஷனில் அதிகம் திரும்பும், பலமாக அடித்தால் குறைவு. வேறு மேசைக்குப் போனால் பிவட் நீளம் மாறாது, அது ஷாஃப்டின் சொத்து. வளைவு மாறும், துணி புதுசாக வழவழவென்றிருந்தால் தாமதமாக வளையும். வாசலை அங்கேயும் வைத்து, மெதுவான வேகத்தில் பத்துப் பந்து அடித்துவிட்டு ஆட்டத்தைத் தொடங்குவது நல்லது.