ஒரே லூப்பில் செத்துப்போன பாக்டீரியா

ப்ராஜெக்ட்டில் ஒருவழியாகக் கையெழுத்து வாங்கிவிட்டேன். பத்து நாள் தூக்கம் போன எரிச்சல் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

வேலை இதுதான். ஈ. கோலை பாக்டீரியாவின் முக்கிய வேதிவினைகளைக் கணினியில் கணக்கிடும் 'கோர் மாடல்' ஒன்று இருக்கிறது. அதில் 95 ரியாக்‌ஷன், 137 ஜீன். ஒவ்வொரு ஜீனாக நீக்கி, வளர்ச்சி எவ்வளவு குறைகிறது என்று பார்க்க வேண்டும். மாடலை இறக்கி ஓட்டுவது அரை மணி நேர வேலை, எதையும் நீக்காதபோது வளர்ச்சி வேகம் மணிக்கு 0.874 வந்தால் சரி.

லேப் சிஸ்டத்தில் கோப்ராபை என்ற, இந்த மாடலை ஓட்டும் பைத்தான் தொகுப்பை ஏற்ற அட்மின் பாஸ்வேர்டு வேண்டும். "எச்ஓடி கையெழுத்தோட லெட்டர் எடுத்துட்டு வா" என்றார் பொறுப்பாளர். மறுநாள் லெட்டரோடு குடியாத்தத்தில் பஸ் ஏறி, அக்னி நட்சத்திர வெயிலில் காட்பாடி வந்தால் அவர் லீவு, லேப்பில் பூட்டு. கடைசியில் தம்பியின் ஓட்டை லேப்டாப்பிலேயே எல்லாம் ஓடியது. இந்த அளவு மாடலுக்கு அதுவே தாராளம், லேப்பை நம்பி அலையாதீர்கள்.

அப்புறம்தான் கூத்து. லூப் போட்டு ஓட்டினேன். கொஞ்ச தூரம் ஒழுங்காக வந்தது, பிறகு வரிசையாக 'இன்ஃபீசிபிள்', அதாவது கணக்குக்கு விடையே இல்லை. அட்டவணை போட்டு மேடத்திடம் காட்டினேன். "இன்னாப்பா இது, ஒன்னுகூடப் பிழைக்கலையா?" என்று சிரித்தார். நீக்கிய ஜீனைத் திருப்பி வைக்காமலே அடுத்ததை நீக்கிக்கொண்டே போயிருக்கிறேன்! ஒவ்வொரு நீக்கத்தையும் 'வித் மாடல்' என்ற வரிக்குள் எழுதினால் வெளியே வரும்போது தானே பழைய நிலைக்கு வந்துவிடும். இந்த ஒரு வரிக்கு நான்கு நாள் போனது. இன்னொன்று, 'இன்ஃபீசிபிள்' என்றாலே கோடில் பிழை என்று நினைக்க வேண்டாம். செல் உயிரோடிருக்க ஒரு கிராம் உலர் எடைக்கு மணிக்கு 8.39 மில்லிமோல் ஏடிபி (செல்லுக்குச் சக்தி தரும் மூலக்கூறு) செலவழித்தே ஆக வேண்டும் என்று மாடலில் கட்டாயம் இருக்கிறது, அதுகூடக் கிடைக்காவிட்டாலும் இப்படித்தான் வரும்.

திருத்திய பிறகு வேறு சந்தேகம். குளுக்கோஸை உடைக்கும் கிளைகாலிசிஸில் அவ்வளவு முக்கியமான பிஎஃப்கே-ஏ ஜீனை எடுத்தேன், அதே 0.874. மறுபடி கோடைக் குடைந்தேன். கோடில் தப்பே இல்லை, அதே வேலைக்கு பிஎஃப்கே-பி என்று இன்னொரு ஜீன் இருக்கிறது. விருதம்பட்டுப் பக்கம் பாலாற்றில் பழைய பாலத்தை அடைத்தால் வண்டிகள் புதுப்பாலத்தில் போகிற மாதிரி. இரண்டையும் எடுத்தால்தான் 0.704, அப்போதும் சாகவில்லை. குளுக்கோஸ் பென்டோஸ் பாஸ்பேட் என்ற வேறு பாதை வழியாகச் சுற்றிப் போகிறது, நாம் பள்ளிகொண்டா சுற்றி ஊர் சேர்கிற மாதிரி. சிட்ரேட் சிந்தேஸ் என்ற என்சைமின் ஜீனுக்கு அப்படி மாற்றுவழி கிடையாது, எடுத்ததும் பூஜ்யம்.

வைவாவில் எக்ஸ்டர்னல் இதையேதான் பிடித்தார். "நிஜ செல்லிலும் பிஎஃப்கே-ஏ போனால் ஒன்றும் ஆகாதா?" ஆகும் சார், அந்த என்சைம் வேலையில் சுமார் 90 சதவீதம் அதனுடையது, மாடலுக்கு இரண்டு பாலமும் ஒரே அகலம் என்றேன். தலையாட்டினார்.

சந்தோஷமாக வெளியே வந்து புரட்டினால், அப்ஸ்ட்ராக்டில், நீக்கினால் செல் சாகும் ஜீன்கள் எத்தனை என்று அந்தத் தப்பான லூப் தந்த பழைய எண்ணிக்கை அப்படியே இருக்கிறது. மூன்று காப்பியும் மறுபடி பைண்டிங்.