டாம் பாய்டு: 61 ஆட்டங்கள்

2014 அக்டோபர் 18, சனி

மெல்போர்னின் ஃபுட்ஸ்க்ரே பேட்டையில் எங்கு போனாலும் இதே பேச்சு. ஒரே வாரத்தில் எங்கள் ஆஸ்திரேலிய ஃபுட்பால் அணியான வெஸ்டர்ன் புல்டாக்ஸின் கேப்டன் ரயன் கிரிஃபன் சிட்னியின் ஜயன்ட்ஸ் அணிக்குப் போகிறேன் என்றார், கோச் மெக்கார்ட்னியும் விலகினார். பதிலுக்கு கிளப் கொண்டுவந்திருப்பது 19 வயதுப் பையனை. போன வருட டிராஃப்டில், அதாவது அணிகள் முறைவைத்து இளம் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், முதல் ஆளாக ஜயன்ட்ஸ் எடுத்த டாம் பாய்டு. அங்கே ஆடியதே ஒன்பது ஆட்டம்தான். இவருக்காக கிரிஃபனோடு டிராஃப்டில் ஆறாவது இடத்தையும் விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். ஏழு வருட ஒப்பந்தம், சுமார் 70 லட்சம் டாலர் என்று பத்திரிகைகள் எழுதுகின்றன.

பாய்டு மாதிரி இரண்டு மீட்டர் உயர முன்கள ஆட்டக்காரர்கள் தேற நாளாகும். உடம்பு இறுகி, 100 கிலோ தடுப்பாளர்களோடு மல்லுக்கட்ட 24, 25 வயதாவது ஆக வேண்டும். அதுவரை யார் பொறுத்திருப்பார்கள்?

2015 ஆகஸ்ட்

ஆபீஸ் கேண்டீனில் ஒருவர் சம்பளத்தை கோல் கணக்கால் வகுத்துக்கொண்டிருந்தார். இந்த ஊரில் இப்போது இதுவும் ஒரு விளையாட்டு. விலை வைத்தது கிளப்; திட்டு வாங்குவது பையன்.

2016 அக்டோபர் 2, ஞாயிறு

தூங்கவே இல்லை. 1954க்கு அப்புறம் கோப்பை! ஏழாவதாக முடித்த அணி இறுதிவரை போனதே அதிசயம். நேற்று மெல்போர்ன் எம்சிஜி மைதானத்தில் சிட்னி ஸ்வான்ஸை 89-67 என்று வீழ்த்தினார்கள்.

ஜேசன் ஜோஹானிசனுக்கு ஆட்டநாயகன் பதக்கம், சரி. என் கண் முழுக்க பாய்டு மேல்தான். நாலு கைகளுக்கு நடுவே எம்பி, மார்க் மேல் மார்க்காக, உதைத்த பந்தைத் தரை தொடும் முன்னே பிடித்தார். மூன்று கோல். அந்த மூன்றாவது இருக்கிறதே! கடைசி கால் பாகத்தில் எங்கள் டேல் மோரிஸ் பின்னாலிருந்து சிட்னியின் பட்டி ஃபிராங்க்ளினை மடக்கிச் சாய்க்க, பந்து சிதறி பாய்டு கைக்கு வந்தது. கோல் கிட்டத்தட்ட அறுபது மீட்டர் தள்ளி. நிமிர்ந்து பார்த்தார், உதைத்தார். முன்னால் காவலுக்கு ஆளே இல்லை. நீள்வட்டப் பந்து தரையில் குத்தினால் எந்தப் பக்கம் திரும்பும் என்று பந்துக்கே தெரியாது. இது குத்தி, நேராகத் துள்ளி, நடுக் கம்பங்களுக்கு இடையே புகுந்தது. ஆறு புள்ளி. நான் சோபா மேல் ஏறி நின்றுகொண்டிருந்தேன்.

வயது 21.

2017 ஜூலை 8, சனி

பாய்டு மன அழுத்தத்துக்காக விடுப்பில் போயிருக்கிறார். கிளப்பே அறிவித்துவிட்டது. இதே அணியின் டிராவிஸ் க்ளோக்கும் இந்த சீசனில் இப்படி விலகி நின்றவர்தான். "கோப்பையும் காசும் இருக்கு, அப்புறம் என்ன குறை?" என்று மச்சான் கேட்டார். கால் முறிந்தவனிடம் யாரும் இப்படிக் கேட்பதில்லை.

2019 மே 17, வெள்ளி

நேற்று ஓய்வு அறிவித்துவிட்டார். வயது 23. ஜயன்ட்ஸுக்கு 9, புல்டாக்ஸுக்கு 52, மொத்தம் 61 ஆட்டங்கள். அந்த இறுதி ஆட்டத்தில் ஆடிய லியாம் பிக்கனும் தலையில் பட்ட அடியால் போன மாதம்தான் விடைபெற்றார். கோப்பை வென்று மூன்று வருடம்கூட ஆகவில்லை, அணி கரைந்துகொண்டிருக்கிறது.

எனக்கு வருத்தம்தான். தேறும் வயது என்று நான் நினைத்திருந்த இடத்துக்கு வருவதற்குள் கிளம்பிவிட்டார். ஆனாலும், 62 வருடம் காத்திருந்த பேட்டைக்கு ஒரு மதியம் அப்படி ஆடிக் கொடுத்தவரிடம் பாக்கி என்று எதைக் கேட்பது? ஒப்பந்தம் 2021 வரை இருந்தது. மிச்சப் பணத்தில் பெரும்பகுதியை வேண்டாம் என்று விட்டுவிட்டுப் போகிறார் என்கிறார்கள். இனியும் இவரைக் காசுக்காக வந்தவர் என்று கேண்டீனில் சொல்வார்களா? சொல்வார்கள், அவர்களுக்கு வகுத்தல் கணக்குதான் தெரியும்.