ஆளுக்கொரு சிக்கல், எல்லோருக்கும் ஒரே ஆட்டம்

கால்பந்துப் பயிற்சி. பதினாறு பிள்ளைகள், இரண்டு வரிசை, எதிரே கோன்கள் (தரையில் வைக்கும் கூம்பு வடிவ அடையாளங்கள்). முன்னால் நிற்பவர் கோன்களை வளைத்துப் பந்தைக் கொண்டுபோய் ஒரு ஷாட் அடித்துவிட்டு வரிசையின் வாலுக்குத் திரும்புவார். ஒரு முறைக்கு 15 நொடி என்று வையுங்கள். எட்டுப் பேர் வரிசையில் மறுபடி தன் முறை வர 2 நிமிடம். கால் மணி நேரத்தில் ஒரு பிள்ளைக்குக் கிடைப்பது ஏழெட்டு வாய்ப்பு, பந்தோடு மொத்தம் 2 நிமிடம்கூடத் தேறாது. மீதி 13 நிமிடமும் முன்னால் நிற்பவரின் முதுகைப் பார்த்துக்கொண்டு நிற்பதுதான்.

கிடைக்கும் அந்த 2 நிமிடத்திலும் கோளாறு இருக்கிறது. கோன் காலை நீட்டாது, இடம் மாறாது, ஏமாறாது. எப்போது திரும்ப வேண்டும் என்று பிள்ளை முடிவெடுக்கத் தேவையே இல்லை, கோன் வரும்போது திரும்பினால் போதும். ஆட்டத்தில் கடினமான பகுதியே அந்த முடிவுதான்.

'தனிப் பயிற்சி' என்றதும் பலரும் நினைப்பது ஒரு பிள்ளையை ஓரமாக அழைத்துச் சென்று தனியே பந்து உருட்டுவதை. நான் அந்தக் கட்சி இல்லை. ஒரு பிள்ளையின் சிக்கல் பெரும்பாலும் எதிராளியும் கூட்டாளியும் பக்கத்தில் இருக்கும்போதுதான் தலைகாட்டும். தனியே கூட்டிப்போனால் சிக்கல் கூடவே வராது. எல்லோரும் ஒரே ஆட்டத்தை ஆடும்போதே, இந்தப் பிள்ளையின் சிக்கல் இவரைத் தேடித் தேடி வரும்படி ஆட்டத்தின் அளவையும் விதியையும் அமைப்பதுதான் பயிற்சியாளரின் வேலை.

அதற்கு முதலில் சிக்கல் என்னவென்று சரியாகத் தெரிய வேண்டும். ஒன்றை மட்டும் நெருங்கிப் பார்ப்போம். 11 வயது மிட்ஃபீல்டர், அதாவது நடுக்களத்தில் ஆடுபவர். எதிரணி கோலுக்கு முதுகு காட்டியபடி பந்தை வாங்குகிறார், ஒவ்வொரு முறையும் வந்த வழியே திருப்பிக் கொடுக்கிறார். "திரும்பு, திரும்பு" என்று கத்துவது எளிது. ஆனால் அவர் திரும்பாததற்கு மூன்று காரணங்கள் இருக்கலாம். பின்னால் இடம் இருப்பது அவருக்குத் தெரியவில்லை. தெரிகிறது, ஆனால் முதல் தொடுதலிலேயே பந்தைப் பக்கவாட்டில் நகர்த்தி உடலைத் திருப்பக் கால் ஒத்துழைக்கவில்லை. இரண்டும் முடியும், ஆனால் பந்தை இழந்தால் திட்டு விழும் என்ற பயம். வெளியிலிருந்து பார்க்க மூன்றும் ஒரே மாதிரி இருக்கும். மருந்து வேறு வேறு.

பிரித்துப் பார்க்க வழி இருக்கிறது. பின்னால் எதிராளியே இல்லாமல் பத்துப் பாஸ் கொடுத்துத் திரும்பச் சொல்லுங்கள். எட்டு முறை சுத்தமாகத் திரும்பினால் காலில் குறையில்லை. அடுத்து, பின்னால் ஒருவரை நிறுத்துங்கள். பாஸ் கிளம்பும் நேரத்தில் அவர் சில முறை நெருங்கி வரட்டும், சில முறை நின்ற இடத்திலேயே இருக்கட்டும். நம் பிள்ளை இரண்டுக்கும் ஒரே பதிலைத் தந்தால் அவர் பார்க்கவில்லை என்று அர்த்தம். அவர் தலையைக் கவனித்தாலே தெரியும்: பாஸ் கொடுப்பவர் காலிலிருந்து பந்து கிளம்பும் முன் தோளுக்குப் பின்னால் ஒரு பார்வை போகிறதா? இந்தச் சோதனைகளில் எல்லாம் சரியாக இருந்து ஆட்டத்தில் மட்டும் திரும்பவில்லை என்றால் மிச்சமிருப்பது பயம். அதற்கு எந்தப் பயிற்சியும் மருந்தாகாது. பந்தை இழந்ததும் ஓரத்தில் நிற்கும் பெரியவர்கள் என்ன சத்தம் போடுகிறார்கள் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

இவர் 'பார்க்கவில்லை' என்ற வகை என்று வைத்துக்கொள்வோம். இப்போது ஆட்டத்தை அமைக்கலாம்.

30 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம், நாலுக்கு நாலு. பதினாறு பேர் என்றால் இரண்டு மைதானம். முழு மைதானத்தில் 105-க்கு 68 மீட்டரில் 22 பேர், ஆளுக்கு ஏறத்தாழ 325 சதுர மீட்டர் வரும். இங்கே ஆளுக்கு 75. பந்து அடிக்கடி வரும், எதிராளியும் எப்போதும் பக்கத்தில் இருப்பார். ஒவ்வொரு முனையிலும் ஒரு கோலுக்குப் பதில் இரண்டு சிறிய கோல், மூலைக்கு ஒன்றாக. இந்த இரண்டில்தான் சூட்சுமம். ஒரே கோல் என்றால் அது எங்கே இருக்கிறது என்று பார்க்காமலே தெரியும். இரண்டு இருந்தால் எந்தப் பக்கம் காலியாக இருக்கிறது என்பது நொடிக்கு நொடி மாறும். பார்த்தவருக்குத்தான் வழி கிடைக்கும், "பார்" என்று யாரும் சொல்லத் தேவையில்லை.

நீளத்தை 10 மீட்டர் வீதம் மூன்று பட்டையாகப் பிரியுங்கள். யாரும் எங்கும் போகலாம். சாதாரண கோலுக்கு 1. நடுப்பட்டையில் பந்தை வாங்கியவர் அதை முன்னோக்கிக் கொண்டுபோயோ முன்னோக்கிப் பாஸ் கொடுத்தோ அந்தத் தாக்குதல் கோலில் முடிந்தால் 2. வேறு விதி வேண்டாம். 4 நிமிட ஆட்டம், ஒன்றரை நிமிட ஓய்வு, இப்படி நாலு சுற்று.

கவனியுங்கள், எதையும் தடுக்கவில்லை, பரிசு மட்டும் வைத்திருக்கிறோம். 'ஆளுக்கு ஒரு முறைக்கு இரண்டே தொடுதல்' என்று தடை போடுவது பயிற்சியாளர்களுக்குப் பழகிப்போன கைவைத்தியம். பந்து வேகமாக ஓடும், பார்க்க அழகாகவும் இருக்கும். ஆனால் திரும்பவும் வெட்டவும் மூன்றாவது தொடுதல் வேண்டியவரின் வழியை அந்த விதி அடைத்துவிடும். பின்னால் இடம் காலியாகக் கிடந்தும் பந்தைத் திருப்பிக் கொடுப்பதுதான் புத்திசாலித்தனம் என்று அவர் கற்றுக்கொள்வார். நம் மிட்ஃபீல்டருக்கு இருக்கும் வியாதியையே நாம் ஊட்டி வளர்த்ததாக ஆகும்.

பரிசு தரும் விதியிலும் ஓட்டை உண்டு, பிள்ளைகள் அதை இரண்டாவது நிமிடத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். 'பத்துப் பாஸ் போட்டால் ஒரு கோல்' என்றால் மூலையில் ஒதுங்கி இருவர் மாறி மாறித் தட்டிக்கொண்டிருப்பார்கள். மேலே சொன்ன விதியிலும் நடுப்பட்டையில் நாலு பேரும் குவிந்து நின்றுவிடலாம். அப்படி ஆனால் கோபப்படாதீர்கள், விதியைத் திருத்துங்கள். நடுப்பட்டையில் ஒரு அணிக்கு ஒரே நேரத்தில் இரண்டு பேருக்கு மேல் நிற்கக்கூடாது என்றால் போதும்.

இனி ஆளுக்கொரு வேலை. நம் மிட்ஃபீல்டரிடம் தனியே, காதோடு: "பாஸ் கிளம்புறதுக்கு முன்னாடி பின்னாடி ஒரு தடவை பாரு. நாலு நிமிஷத்துல எத்தனை தடவை பாத்தேன்னு வந்து சொல்லு." எதிரணியில், பந்தைக் கண்டால் தலைதெறிக்க ஓடிவந்து ஏமாறும் டிஃபெண்டர் (தடுப்பாட்டக்காரர்) ஒருவர் இருப்பார். அவரை இவருக்கு எதிரில் போடுங்கள். அவருக்கு வேலை: ஒரு கை நீளத்தில் நின்றுவிடு, உடம்பைச் சாய்வாகத் திருப்பிக்கொள். இவரின் சிக்கல் அவருக்குப் பயிற்சி, அவரின் சிக்கல் இவருக்கு. இடக்கால் வராத ஒருவர் இருந்தால் "இடக்காலால் மட்டும் ஆடு" என்று கட்டளை போடாமல் இடப்பக்கம் நிறுத்துங்கள். மூலையில் கோல் இருப்பதால் உள்ளே வெட்டி வலக்காலுக்குக் கொண்டுவருவது சுற்றுவழியாகிவிடும், பந்து தானாக இடக்காலில் விழும். ஆளுக்கு ஒரு வேலைதான். இரண்டு கொடுத்தால் இரண்டும் மறந்துபோகும்.

ஆட்டம் சரியான கடினத்தில் இருக்கிறதா என்பதற்கு நான் வைத்திருக்கும் தோராயக் கணக்கு, பத்துக்கு ஆறு ஏழு முறை கைகூட வேண்டும் என்பது. மூன்றுதான் கூடுகிறது என்றால் அகலத்தை 20-லிருந்து 26 மீட்டர் ஆக்குங்கள். அல்லது எந்த அணியிடம் பந்து இருக்கிறதோ அந்த அணியோடு சேரும் பொது ஆள் ஒருவரை இறக்குங்கள். ஒன்பதும் கூடினால் அகலத்தைக் குறையுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். அளவு, விதி, ஆள் எல்லாவற்றையும் ஒருசேர மாற்றினால் எது வேலை செய்தது என்று உங்களுக்கே தெரியாது.

இதற்கெல்லாம் பின்னால் இருக்கும் கருத்து பழையது. உடல் அசைவை ஆராய்ந்த கார்ல் நியூவெல் 1986-இல் எழுதியது: அசைவு என்பது ஆள், சூழல், செய்யவேண்டிய பணி என்ற மூன்றின் நெருக்குதலில் உருவாவது. ஆளை உடனே மாற்ற முடியாது, சூழலை ஓரளவுதான் முடியும், பணியை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். அவருக்கு வெகுகாலம் முன்பே சோவியத் அறிவியலர் நிகோலாய் பெர்ன்ஸ்டைன், சுத்தியலால் உளியை அடிக்கும் தேர்ந்த தொழிலாளர்களின் அசைவைப் படமெடுத்து ஆராய்ந்தார். சுத்தியல் சரியாக உளியில் இறங்கியது, ஆனால் தோளும் முழங்கையும் மணிக்கட்டும் ஒவ்வொரு அடியிலும் சற்றே வேறு மாதிரி நகர்ந்தன. திறமை என்பது ஒரே அசைவை அச்சு மாறாமல் திரும்பச் செய்வது அல்ல, ஒரே சிக்கலை ஒவ்வொரு முறையும் புதிதாகத் தீர்ப்பது. கோன் வரிசை முதலாவதைப் பழக்குகிறது, எதிராளி உள்ள ஆட்டம் இரண்டாவதை.

அதற்காகத் தனியே பந்து தட்டுவதே வீண் என்று சொல்ல மாட்டேன். முதல் சோதனையில் பத்துக்கு மூன்றுதான் சுத்தமாகத் திரும்பினார் என்றால், ஐந்து நிமிடம் நெருக்கடி இல்லாமல் பழகட்டும். அதிலும் ஒரே பாஸை இருபது முறை போடாதீர்கள். தூரத்தையும் வேகத்தையும் வரும் பக்கத்தையும் மாற்றிக்கொண்டே இருங்கள். ஷியா, மோர்கன் என்ற ஆய்வாளர்கள் 1979-இல் வெளியிட்ட பரிசோதனையில், வேலைகளை ஒவ்வொன்றாக முடித்துப் பழகியவர்கள் பயிற்சியின்போது நன்றாகச் செய்தார்கள். கலந்து பழகியவர்கள் அப்போது தடுமாறினாலும் பிற்பாடு சோதித்தபோது கூடுதலாக நினைவில் வைத்திருந்தார்கள். அது கால்பந்து அல்ல, கையால் செய்யும் எளிய வேலை. ஆனாலும் பயிற்சியாளர் காதில் போட்டுக்கொள்ள வேண்டிய சேதி அதில் உண்டு: இன்று அழகாகத் தெரிவதும் அடுத்த வாரம் கையில் இருப்பதும் ஒன்றல்ல.

ஆகவே முன்னேற்றத்தைப் பயிற்சியின் முடிவில் அளக்காதீர்கள். அடுத்த பயிற்சியின் தொடக்கத்தில், உடல் சூடேறியவுடன், யாருக்கும் எதையும் நினைவூட்டாமல் 4 நிமிட ஆட்டம் விட்டுப் பாருங்கள். ஒரு குறிப்பேடு போதும். ஒரு நாளைக்கு மூன்று பிள்ளைகள், அதற்கு மேல் யாராலும் ஒழுங்காகக் கவனிக்க முடியாது. மிட்ஃபீல்டருக்கு இரண்டே எண்: எத்தனை முறை பந்து வாங்கினார், அதில் எத்தனை முறை முன்கூட்டியே பார்த்தார். 9-க்கு 2 என்பது மூன்று வாரத்தில் 9-க்கு 5 ஆனால் வேலை நடக்கிறது. பார்க்கிறார், ஆனாலும் திரும்பவில்லை என்றால் நோயறிதல் தவறு. முதலிலிருந்து தொடங்குங்கள்.

வாயைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு தொடுதலுக்கும் கருத்துச் சொல்லும் பயிற்சியாளர் பிள்ளையின் கண்ணாகவும் மூளையாகவும் தானே ஆகிவிடுகிறார். அவர் வாய் மூடிய அன்று பிள்ளை தவிக்கும். இரண்டு மூன்று முயற்சிக்கு ஒரு முறை பேசினால் போதும், அதுவும் ஓய்வு நேரத்தில். ஆட்டத்தை நிறுத்தி எல்லோரையும் சிலை போல நிற்கவைப்பது ஒருவருக்குப் பாடம், ஏழு பேருக்கு வெறும் காத்திருப்பு. சொல்லும் சொல்லும் உடலைப் பற்றி இருப்பதைவிடப் பந்தைப் பற்றியோ இடத்தைப் பற்றியோ இருந்தால் எடுபடும். "கணுக்காலை இறுக்கு, முட்டியைப் பந்துக்கு மேல் கொண்டுவா" என்றால் பிள்ளை தன் காலையே பார்க்கும். "பந்து புல்லைவிட்டு எழும்பாமல் அவன் முன்காலுக்குப் போகட்டும்" என்றால் காலே வழி தேடிக்கொள்ளும். கேள்வி கேட்டாலும் "ஏன் திரும்பவில்லை?" வேண்டாம், அது குற்றப்பத்திரிகை. "பந்து வரும்போது பின்னால யார் இருந்தா?" என்று கேளுங்கள். பதில் தெரியவில்லை என்றால் உங்களுக்கும் அவருக்கும் ஒருசேர விஷயம் விளங்கிவிடும்.

கோல்கீப்பரையும் இதே ஆட்டத்தில் களத்தில் ஆடவிடுங்கள். கால் வேலையும் பார்வையும் அவருக்கும் வேண்டும். பந்தின் அளவு பற்றி ஒரு வரி: பொதுவாக 8 வயதுவரை 3-ஆம் எண், 12 வரை 4, அதற்கு மேல் 5. சிறு காலுக்குப் பெரிய பந்து கொடுத்துவிட்டு நுட்பம் இல்லை என்று குறை சொல்வதில் நியாயமில்லை.

கடைசியாக, எண்கள் திடீரென்று கவிழும் ஒரு கட்டம் வரும். பெண் பிள்ளைகளுக்கு 12 வயதை ஒட்டியும் பையன்களுக்கு 14-ஐ ஒட்டியும் உயரம் மளமளவென ஏறும், ஒவ்வொருவருக்கும் ஓரிரு ஆண்டு முன்பின் ஆகலாம். நேற்றுவரை காலில் ஒட்டியிருந்த பந்து இன்று முட்டியில் பட்டுத் தெறிக்கும். சோம்பல் என்று முத்திரை குத்தி உட்காரவைத்துவிடாதீர்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை உயரத்தை அளந்து அதே குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தால் காரணம் அந்தப் பக்கத்திலேயே இருக்கும். அந்த மாதங்களில் இடத்தை இரண்டு மீட்டர் அகலப்படுத்துங்கள், குதிப்பதையும் திடீரென நின்று திரும்புவதையும் குறையுங்கள். முழங்காலுக்குக் கீழே எலும்பு துருத்தும் இடத்திலோ குதிகாலிலோ வலி என்று பிள்ளை சொன்னால், அன்றைய பயிற்சியை அத்தோடு நிறுத்தி மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். தோளுக்குப் பின்னால் பார்க்கும் வேலையை மட்டும் விடவேண்டாம், அதற்கு முழங்கால் தேவைப்படாது.